ஆச்சி மனோரமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி நாலு பேர் பேசும் இடத்தில் மனோரமாவின் பெயர் வராமல் இருக்காது. பெயர் வந்ததும் அதே சந்தேகங்களும் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மனோரமா என்பது அவருடைய சொந்தப் பெயரா? எந்த ஊர்க்காரர்?

இல்லை. பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். இப்போது திருவாரூர் மாவட்டம். தந்தை காசியப்பன் கிளாக்குடையார், தாய் ராமாமிர்தம்.

குடும்பத்தில் பிளவு வந்து, தாய் கைக்குழந்தையோடு காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். பலகாரம் சுட்டு விற்றும் வீட்டு வேலை பார்த்தும் மகளை வளர்த்தார். மனோரமா என்பது நாடக மேடையில் கிடைத்த பெயர். அதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்றால் தெரியும். நன்றாகப் பாடுகிற பெண் என்று பெயர்.

அவர் செட்டியார் வீட்டுப் பெண்தானே? அதனால்தானே ஆச்சி என்கிறார்கள்?

பிறப்பால் அவர் நகரத்தார் அல்ல. ஆனால் வளர்ந்தது செட்டிநாட்டில். அங்கே பெண்களை மரியாதையாக ஆச்சி என்று கூப்பிடுவது வழக்கம். அந்த ஊர்ப் பேச்சும் அவர் நாக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சினிமாக்காரர்கள் ஆச்சி என்று அழைக்க ஆரம்பித்து, பிறகு ஊரே அழைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்? யாராவது கூட்டிக்கொண்டு போனார்களா?

வறுமைதான் கூட்டிக்கொண்டு போனது. 11 வயது வாக்கில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போகவே வேலைக்குப் போக வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் பள்ளத்தூருக்கு வந்த ஒரு நாடகக் குழுவுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டது. ‘அந்தமான் காதலி’ என்ற அந்த நாடகத்தில் ஏறியபோது அவருக்கு 12 வயது இருக்கும்.

அப்புறம் வைரம் நாடக சபை. பின்னர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழு. அங்கேதான் கலைஞர் கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ நாடகத்தில் நடித்தார். இந்த மேடை வருடங்களைச் சும்மா ஒரு முன்கதையாகத் தாண்டிப் போகக் கூடாது. ஒலிபெருக்கி சரியில்லாத திறந்தவெளி மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச வேண்டும். கூட்டம் சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைக்க வேண்டும். சக நடிகர் வசனத்தை மறந்தால் இட்டு நிரப்ப வேண்டும். பின்னாளில் திரையில் நாம் பார்த்து வியந்த எல்லாவற்றுக்கும் பயிற்சி அங்கே நடந்துவிட்டது.

முதல் படம் எது? அதுவே காமெடி வேஷமா?

வெளிவந்த முதல் படம் ‘மாலையிட்ட மங்கை’, 1958. கவிஞர் கண்ணதாசன் தயாரித்தது. அதற்கு முன்னால் ஒப்புக்கொண்ட படங்கள் பாதியில் நின்றுபோயின.

ஆமாம், அதில் நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவருக்கு அது பிடிக்கவில்லை. கதாநாயகியாகப் போனால் சில வருடங்களில் காணாமல் போய்விடுவாய், நகைச்சுவை என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்ற பொருளில் கண்ணதாசன் எடுத்துச் சொன்னதாக மனோரமா பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1958இல் அவரோடு திரையில் இருந்த கதாநாயகிகள் எத்தனை பேர் 2010இல் நடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கவிஞரின் கணக்கு புரியும்.

அப்படியானால் கதாநாயகியாக நடிக்கவே இல்லையா?

நடித்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’, 1963. ஜோடி ஆர்.எஸ். மனோகர். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் அவர் போகவில்லை.

ஆனால் கதையின் மையத்தில் நின்ற வேடம் வேறு; அது அவருக்கு வயதான பிறகுதான் கிடைத்தது. 1988இல் ஏவி.எம். எடுத்த ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ படத்தின் பாட்டி அவர்தான். பாண்டியராஜனும் ஊர்வசியும் இருந்தும், தலைப்பும் தியேட்டர் கூட்டமும் பாட்டிக்கு. ஐம்பது வயதுப் பெண்ணை நம்பித் தமிழில் ஒரு வெற்றிப்படம் எடுக்க முடிந்தது என்பது இன்றைக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு முன்னால் பெண் காமெடி நடிகைகளே இல்லையா?

யார் சொன்னது? டி.ஏ. மதுரம், சி.டி. ராஜகாந்தம், அங்கமுத்து, டி.பி. முத்துலட்சுமி, எம். சரோஜா என்று பெரிய வரிசையே உண்டு. டி.பி. முத்துலட்சுமியின் வேகத்தைப் பார்த்தவர்கள், மனோரமா ஒன்றும் வெற்றிடத்தில் முளைத்தவர் அல்ல என்று ஒப்புக்கொள்வார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மதுரம் என்றால் உடனே என்.எஸ். கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். சரோஜா என்றால் தங்கவேலு. பெண்ணின் நகைச்சுவை பெரும்பாலும் ஒரு ஆணின் நகைச்சுவைக்கு மறுபாதியாகவே அமைந்தது. மனோரமாவும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் மாறவில்லை. ஒரு கட்டத்தில் எதிரே யார் நிற்கிறார்கள் என்பது பொருட்டே இல்லாமல் போனது.

1,500 படம் என்கிறார்களே, அது நிஜமா? நம்பும்படியாக இல்லையே.

1985க்குள் ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானார். இறுதிவரை கணக்கிட்டால் 1,500க்கு மேல் என்று அஞ்சலிகளில் எல்லாம் எழுதினார்கள். மேடை ஏறியது 5,000 முறை என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1958 முதல் 1985 வரை 27 வருடம். ஆயிரம் படம் என்றால் வருடத்துக்குச் சுமார் 37. ஒரு கதாநாயகிக்கு நடக்கவே நடக்காத எண்ணிக்கை. நகைச்சுவை நடிகைக்கு நடக்கும். அந்தக் காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கதையிலிருந்து கழன்று தனியே நின்றது. சில நாள் கால்ஷீட் கொடுத்தால் அந்தப் பகுதியை எடுத்து முடித்துவிடுவார்கள். ஸ்டுடியோக்கள் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்திலேயே இருந்ததால் காலையில் ஒரு தளம், மதியம் இன்னொரு தளம் என்று ஓடலாம். தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களும் அங்கேயே எடுக்கப்பட்டன.

என் அபிப்பிராயம் கேட்டால், 1,500 என்பதை ஒரு முழு எண்ணாகப் பாருங்கள். ஒன்றிரண்டு நூறு கூடினாலும் குறைந்தாலும் அவர் யார் என்பது மாறப்போவதில்லை. எண்ணிக்கையையே பெருமையாகப் பேசிப் பேசி, அவர் எப்படி நடித்தார் என்பதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

நாகேஷ் – மனோரமா ஜோடியில் அப்படி என்ன விசேஷம்?

நாகேஷின் உடம்பு ஒரு இடத்தில் நிற்காது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவரோடு போட்டி போட்டு இன்னொருவரும் துள்ளினால் காட்சி குழம்பிவிடும். மனோரமா அதைச் செய்யவில்லை. நாகேஷ் துள்ளும்போது இவர் நின்று பார்ப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வசனத்தைச் செருகுவார். ‘அன்பே வா’ (1966) பார்த்தால் தெரியும்.

கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) இன்னும் நல்ல உதாரணம். நாகேஷுக்கு அதில் இரட்டை வேடம்; தூத்துக்குடிக்கார நாகேஷுக்கு ஜோடி மனோரமா. இருவரும் அந்த வட்டாரப் பேச்சைப் பேசிக்கொண்டே காதலிப்பார்கள்.

ஒரு உபரித் தகவல். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) படத்தில் வடிவேலுவின் அப்பாவாக நாகேஷ், அம்மாவாக மனோரமா. அந்த இருவருக்கும் பிறந்த பிள்ளை வடிவேலு என்று வைத்த சிம்புதேவனுக்குத் தமிழ் நகைச்சுவையின் வம்சாவளி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜில்ஜில் ரமாமணியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? படத்தில் கொஞ்ச நேரம்தானே வருகிறார்?

‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ், சி.கே. சரஸ்வதி என்று ஆளுக்கு ஆள் விழுங்கக் காத்திருக்கும் கூட்டம். அதற்கு நடுவே ஒரு நாடகக் கொட்டகை நடிகையாக மனோரமா. கவனியுங்கள், நாகேஷ் இந்தப் படத்தில் சவடால் வைத்தி. மனோரமாவுக்கு ஜோடி அல்ல. இவர் தனியாக நின்று ஜெயித்த வேடம்.

ரமாமணிக்கு எழுத்தறிவு குறைவு, வெகுளி, கொஞ்சம் பகட்டு. சிவாஜி நடித்த நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பில் மயங்கிப்போய், அந்தச் சத்தம் அவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பார். எழுதியதைப் படித்தால் இது ஒரு அசட்டுக் கேள்வி. மனோரமா அதை அசடாகக் கேட்கவில்லை; உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு கேட்கிறார். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு சொல்லிவிட முடியாது என்று நமக்குத் தோன்றும். ஆனால் பாராட்டுகிறோம் என்பதே ரமாமணிக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில் வருகிறது. எதிரே சிவாஜி கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் அந்தக் காட்சியை அவருக்கு விட்டுக்கொடுத்திருப்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. ரமாமணி கொட்டகை நடிகை. பெரிய வித்வான்களும் மிட்டா மிராசுகளும் மட்டமாகப் பார்க்கும் தொழில். அந்தத் தொழிலிலிருந்துதான் மனோரமாவும் வந்தார். ரமாமணியைக் கேலிச்சித்திரமாக ஆக்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அவளுக்கு ரோஷத்தையும் பாசத்தையும் கொடுத்தார். கொஞ்ச நேரம் வந்தாலும் மனசில் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லா ஊர்ப் பாஷையும் பேசுவாரே, எங்கே கற்றுக்கொண்டார்?

காதால் கற்றுக்கொண்டார். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வளர்ந்தது செட்டிநாடு, பிழைத்தது மெட்ராஸ், இடையில் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் பயணம். இவ்வளவு பேச்சையும் கேட்க வாய்ப்பு இருந்தது. கேட்டதைத் தக்கவைக்கும் காதும் இருந்தது. முறையான படிப்பு சீக்கிரம் நின்றுபோன பெண் பக்கம் பக்கமான வசனங்களைக் கேட்டே மனப்பாடம் செய்து வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டார வழக்கு என்றால் பலர் நாலைந்து சொற்களைத் தூவிவிட்டு முடித்துக்கொள்வார்கள். மனோரமாவிடம் சொல்லுக்கு முன்னால் ராகம் மாறும். சென்னைத் தமிழில் வாக்கியம் படபடவென்று வந்து கடைசியில் வெட்டி நிற்கும். தூத்துக்குடிப் பேச்சில் நெடில் இழுபடும். ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தின் கொங்கு ஆத்தா பேசும்போது அவசரமே இருக்காது. உடம்பும் கூடவே மாறும். மெட்ராஸ் பெண்ணின் கை இடுப்பில், ஆத்தாவின் கை முகவாயில்.

‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வேலைக்காரி கண்ணம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிஷ்முவிடம் வம்புக்கு நின்று, ‘கம்முனு கெட’ என்று வாயடைக்கும் காட்சி. அந்த இரண்டு சொல் தமிழ்நாட்டு வீடுகளில் வருடக்கணக்கில் புழங்கியது. எழுதியவர் விசு. ஆனால் வேறு யார் சொல்லியிருந்தாலும் இரண்டு சொல்லாகவே போயிருக்கும்.

‘பாண்டியன் நானிருக்க’ அவரே பாடியதுதானே?

இல்லை. ஜில்ஜில் ரமாமணிக்காக அதைப் பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. ‘அனுபவி ராஜா அனுபவி’யின் ‘முத்துக் குளிக்க வாரீகளா’ பாட்டிலும் குரல் எல்.ஆர். ஈஸ்வரிதான், டி.எம். சௌந்தரராஜனோடு. இரண்டையுமே மனோரமா குரல் என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பொருத்தமாக வாயசைத்திருக்கிறார்.

அவர் சொந்தக் குரலில் பாடியது வேண்டுமென்றால் ‘வா வாத்தியாரே ஊட்டாண்டே’ கேளுங்கள். ‘பொம்மலாட்டம்’ (1968), இசை வி. குமார், திரையில் ஜோடி சோ. (பாரதிராஜாவின் 2008 ‘பொம்மலாட்டம்’ வேறு.) சென்னைத் தமிழில் வந்த பாட்டுகளில் இன்றைக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வரும். கால் நூற்றாண்டு கழித்து, ‘மே மாதம்’ (1994) படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் ‘மெட்ராச சுத்திப் பாக்கப் போறேன்’ பாட்டில் அதே மெட்ராஸ் குரல் மறுபடி வரும். ரகுமான் அந்தப் பழைய பாட்டை நினைத்துத்தான் கூப்பிட்டிருப்பார் என்பது என் ஊகம்.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்கிறார்களே, யார் யார்?

அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என்.டி. ராமராவ். முதல் இருவரோடு மேடையில், மற்ற மூவரோடு திரையில். ‘உதயசூரியன்’ நாடகத்தில் கருணாநிதிக்குக் கதாநாயகியாகவே நடித்திருக்கிறார்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இது மனோரமாவைப் பற்றிய தகவல் மட்டுமல்ல. மேடையும் சினிமாவும் அரசியலும் எந்த அளவுக்குப் பின்னிக்கிடந்தன என்பதைப் பற்றிய தகவலும்தான். அவர் எங்கேயும் தேடிப் போகவில்லை. தன் வேலையைச் செய்துகொண்டு நின்ற இடத்திலேயே பக்கத்தில் நின்றவர்கள் முதலமைச்சர் ஆனார்கள்.

ரஜினியைத் திட்டிவிட்டு, பிறகு ரஜினி படத்திலேயே நடித்தாராமே?

உண்மைதான். 1996 சட்டமன்றத் தேர்தலில் ரஜினிகாந்த் தி.மு.க. – த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். மனோரமா அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார். ரஜினியைக் கடுமையாகவே பேசினார். அ.தி.மு.க. தோற்றது. ‘அண்ணாமலை’ படத்தில் ரஜினிக்கு அம்மாவாக நடித்தவர் அப்படிப் பேசலாமா என்று ரசிகர்களுக்குக் கோபம். பட வாய்ப்புகள் குறைந்தன.

அந்த நேரத்தில் ‘அருணாச்சலம்’ (1997) படத்தில் அவருக்கு ரஜினியே வேடம் கொடுக்கச் செய்தார். இதை மனோரமா பின்னாளில் மேடையிலேயே நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். தி.மு.க. சார்பு நாடகங்களில் வளர்ந்தவர் ஏன் எதிர் மேடைக்குப் போனார் என்று சிலர் துருவிக் கேட்பார்கள். ஜெயலலிதாவோடு அவருக்கு இருந்தது திரையில் தொடங்கிய நீண்ட பழக்கம். அதற்கு மேல் கொள்கை தேட வேண்டியதில்லை.

பிறகு அம்மா வேஷத்துக்குப் போய்விட்டாரே, காமெடி அலுத்துவிட்டதா?

வயது ஏறும்போது எல்லா நடிகைக்கும் நீட்டப்படும் வேடம் அது. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘சின்ன தம்பி’ (1991), ‘ஜென்டில்மேன்’ (1993) என்று அம்மா வேடங்கள் குவிந்தன. ‘எஜமான்’ (1993) வந்தபோது பாட்டியாகவும் ஆகிவிட்டார். ஆனால் காமெடியை அவர் விட்டுவிடவில்லை.

1990இல் பி. வாசுவின் ‘நடிகன்’. கிழவர் வேஷம் போட்டு வரும் சத்யராஜ் மேல் காதல் கொள்ளும், கல்யாணமாகாத பேபியம்மா. அடுத்த வருடமே அதே இயக்குநரின் ‘சின்ன தம்பி’யில் பிரபுவின் விதவைத் தாய், ஊர்நடுவே அவமானப்படும் அந்தக் காட்சியில் தியேட்டரே பதறியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். பேபியம்மாவின் வெட்கமும் ‘சின்ன தம்பி’ தாயின் கூச்சமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சிரிக்க வைக்க ஒரு நடிப்பு, அழ வைக்க வேறு நடிப்பு என்று அவர் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை.

தேசிய விருது எந்தப் படத்துக்கு? ஜில்ஜில்லுக்கா?

இல்லை. ஆர். பார்த்திபன் இயக்கிய முதல் படம் ‘புதிய பாதை’ (1989). சிறந்த துணை நடிகைக்கான விருது. 2002இல் பத்மஸ்ரீ. கலைமாமணியும் உண்டு.

முப்பது வருடம் நாட்டையே சிரிக்க வைத்தவருக்கு, கண்ணீர் வரவழைத்த பிறகுதான் தேசிய விருது வந்தது. விருதுக் குழுக்களுக்கு எப்போதும் இந்த வியாதி உண்டு. சிரிப்பு வந்தால் நடிப்பு சுலபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘பொம்பளை சிவாஜி’ என்று சொல்வது சரிதானே?

அன்பாகச் சொல்கிறார்கள், அவரும் மறுத்துச் சண்டைக்குப் போனதில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை. சிவாஜி ஒரு காட்சிக்குள் நுழைந்தால் காட்சி அவரைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொள்ளும். மனோரமா ஏற்கெனவே யாரோ ஒருவருக்காகப் போட்டு வைத்த காட்சிக்குள் நுழைந்து, கிடைத்த மூலையில் நின்று அதைத் திருப்பிவிடுவார். இரண்டும் வேறு வேலை. நாகேஷைப் பற்றிச் சொன்ன இடத்தில் இதைத்தான் குறிப்பிட்டேன்.

இந்திப் படத்தில் சித்தி வேஷத்தில் பார்த்த மனோரமா இவரா?

அல்ல. ‘சீதா அவுர் கீதா’ (1972) படத்தில் ஹேமமாலினியைக் கொடுமைப்படுத்தும் சித்தியாக வருபவர் இன்னொரு மனோரமா. லாகூரில் பிறந்தவர், இயற்பெயர் எரின் ஐசக் டேனியல்ஸ், 2008இல் மும்பையில் காலமானார். அவரும் அருமையான நகைச்சுவை – வில்லி நடிகை என்பதால் குழப்பம் இயல்புதான். இணையத்தில் ஒருவர் படத்தை மற்றவர் செய்தியோடு ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சொந்த வாழ்க்கை எப்படி? சிரிக்க வைத்தவர்கள் வாழ்க்கை சோகமாகத்தானே இருக்கும்?

அப்படி ஒரு விதி இல்லை. நாடகக் குழுவில் உடனிருந்த எஸ்.எம். ராமநாதனை 1964இல் மணந்தார். திருமணம் நிலைக்கவில்லை, இரண்டே வருடத்தில் விவாகரத்து. ஒரே மகன் பூபதி. அவரும் படங்களில் நடித்தவர். மகனை வளர்த்ததில் பாட்டி ராமாமிர்தத்தின் பங்கு பெரிது.

கணவர் விட்டுப்போக, தாயின் துணையோடு தனியே நின்ற பெண் என்பது அவருடைய அம்மாவின் கதையாகவும் இருந்தது. ஆனால் மகள் சம்பாதித்தார், தி.நகரில் வீடு கட்டினார். சோகம் என்ற ஒரே சொல்லில் அதை அடக்கிவிட மாட்டேன்.

இப்போது பார்த்தால் சில காமெடி முகம் சுளிக்க வைக்கிறதே. துருத்திய பல்லையும் வயதான பெண்ணின் காதலையும் கேலி செய்வது சரியா?

சரி என்று வாதாட வரவில்லை. பெண்ணின் தோற்றத்தை, நிறத்தை, வயதை வைத்துச் சிரிப்பது தமிழ் சினிமாவின் பழைய சோம்பல். மனோரமாவுக்கு எழுதப்பட்டவற்றிலும் அது நிறையவே உண்டு. ‘சின்ன கவுண்டர்’ ஆத்தாவுக்குத் துருத்திய பல் வைத்ததே சிரிப்புக்காகத்தான்.

ஆனால் எழுதியதும் நடித்ததும் ஒன்றல்ல. கொஞ்ச நேரத்தில் அந்தப் பல்லை மறந்துவிடுகிறோம். ஒரு ஆத்தா மட்டும் தெரிகிறார். பேபியம்மாவின் காதலைப் படம் கிண்டல் செய்கிறது, மனோரமா கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே காதலிக்கிறார். அதனால் கடைசியில் சிரித்த நமக்கே கொஞ்சம் கூச்சமாகிவிடுகிறது. எல்லாப் படத்திலும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். பல படங்களில் கொடுத்த வசனத்தைக் கத்திப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். வருடத்துக்கு 37 படம் என்றால் எல்லாம் மணியாக இருக்குமா?

அவருக்குப் பிறகு யார்?

கோவை சரளாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ‘சதிலீலாவதி’ (1995) ஒன்றே போதும். ஊர்வசியின் நகைச்சுவை வேறு ரகம். ஆனால் அசட்டுத்தனத்துக்குள் ரோஷத்தை வைக்கும் வித்தை அவரிடமும் இருக்கிறது.

கடைசியாக நடித்தது எப்போது? எப்போது காலமானார்?

எழுபது தாண்டியும் நடித்துக்கொண்டிருந்தார். ‘சிங்கம்’ (2010) படத்தில் அனுஷ்காவின் பாட்டியாக வருவார். தெலுங்கில் ‘அருந்ததி’ (2009) படத்திலும் இருக்கிறார். உடல்நலம் குன்றி, 2015 அக்டோபர் 10 இரவு சென்னையில் காலமானார். வயது 78. அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

நான் அவர் படம் எதுவும் பார்த்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

முதலில் ‘தில்லானா மோகனாம்பாள்’. எப்படியும் பார்க்க வேண்டிய படம், ரமாமணி அதில் கிடைக்கும் லாபம். அதே வாரம் ‘நடிகன்’ பாருங்கள். நடுவே 22 வருடம் இருப்பது தெரியவே தெரியாது. அவ்வளவு பழைய படம் ஒத்துவராது என்றால் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போதும், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம். ‘சின்ன தம்பி’யை மட்டும் இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதைப் பார்த்தால் அவரை அழுகிற அம்மாவாக மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்.